தூசியில் என் கை

1961 அக்டோபர் 3, செவ்வாய்

பீட்ரூட் லாரிகள் ஓடத் தொடங்கிவிட்டன. காலையிலிருந்து சாலையில் உருண்டு கிடக்கும் சர்க்கரை பீட்ரூட்டைப் பொறுக்கிப் பள்ளத்தில் போடுவதுதான் வேலை. விறைப்பான சீருடை, அகலத் தொப்பி, இடுப்பில் துப்பாக்கி, இரண்டு கையிலும் பீட்ரூட். நெடுஞ்சாலை ரோந்து என்றால் நாள் முழுக்கத் திருடனைத் துரத்துகிற வேலை என்று என் மகள் ரூத்தி நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் அதை மறுக்கவில்லை.

மதியம் சார்ஜென்ட் ரேமர் கூப்பிட்டார். அடுத்த வருஷம் எங்கள் ரோந்துப் படைக்கு இருபத்தைந்து வயது நிறைகிறது. வெள்ளிவிழா மலருக்கு எங்கள் பிரிவின் வரலாற்றை நான் எழுத வேண்டுமாம், இரண்டு பக்கம்.

"என்னை ஏன் பிடிக்கிறீங்க?" என்றேன்.

"உன் ரிப்போர்ட்டைத்தான் ஒரு தடவை படிச்சாப் புரியுது. அதுவும் இல்லாம நீ டைரி எழுதறியாமே. வெல்மா சொன்னா."

என் மனைவி வாயில் எதுவும் தங்காது.

வெல்மாவுக்கு ஏழாம் மாதம். டாக்டர் டாஸ்கர் நேற்றுப் பார்த்தார். குழந்தை உட்கார்ந்த நிலையில் இருக்கிறதாம், இன்னும் திரும்பவில்லை. ரூத்தியும் இப்படித்தான் இருந்தாள். அப்போது பனிப்புயலில் சாலை மூடி, பதினான்கு மணி நேரம் எங்கள் சமையலறையிலேயே இருந்து இரண்டு உயிரையும் காப்பாற்றினார் டாஸ்கர். ஐம்பது மைல் சுற்றளவில் வேறு டாக்டர் கிடையாது. அவர் குடிப்பார். அதுவும் ஐம்பது மைல் சுற்றளவில் எல்லாருக்கும் தெரியும்.

அக்டோபர் 6, வெள்ளி

வரலாற்றுக்குக் குறிப்பு எடுத்தேன். 1937. முப்பத்தெட்டுப் பேர். கண்காட்சி மைதானத்து மாட்டுக்கொட்டகையில் படுக்கவைத்து ஆறு வாரம் பயிற்சி. ரேமர் அந்த முதல் கூட்டத்தில் ஒருவர். "முதல் நாள் சாணி அள்ளினோம். அதுதான் உறுதிமொழிக்கு முன்னாடி நடந்த சடங்கு" என்றார்.

எங்களை யாரும் ஆசைப்பட்டுப் பெற்றெடுக்கவில்லை. கார்கள் பெருகி, ஆட்கள் செத்து விழுந்தார்கள். வேறு வழியில்லாமல் சட்டசபை எங்களை உண்டாக்கியது. ஆளுநர் கையில் ஒரு பட்டாளம் வந்துவிடும் என்று பயந்து, சாலையின் இரண்டு பக்கத்து வேலிக்கும் நடுவே மட்டும்தான் அதிகாரம் என்று எழுதிவிட்டார்கள். விளக்கு எரிகிறதா, பிரேக் பிடிக்கிறதா, உரிமம் இருக்கிறதா. வேலியைத் தாண்டினால் மாவட்டப் போலீஸ் தலைவரான ஷெரீஃபின் ராஜ்யம். இன்றைக்கும் அதே சட்டம். ஜனவரியில் இதை மாற்ற மசோதா வருகிறது. ஷெரீஃபுகள் எல்லாரும் எதிர்ப்பு. ரேமர் இருபத்தைந்து வருஷமாகக் காத்திருப்பது இதற்குத்தான்.

இரண்டு பழைய வழக்கங்களையும் எழுதிவைக்கிறேன். ஒன்று, யாரையும் சொந்த மாவட்டத்தில் போடுவதில்லை. உறவுக்காரனை நிறுத்தினால் கை தளரும் என்று. என் ஊர் இங்கிருந்து இருநூறு மைல். வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. எனக்கு இங்கே யாரும் உறவில்லை என்று தலைமையகம் இன்னும் நம்புகிறது.

இரண்டாவது, கை. ஒரு வண்டியை நிறுத்தினால் ஓட்டுநரிடம் போகும்போது அதன் பின்மூடியில் உள்ளங்கையை அழுத்திவிட்டுத்தான் நடக்க வேண்டும். 1941இல் ஆர்லோ பெக் என்ற ரோந்துக்காரரைச் சுட்டுவிட்டு ஒருவன் ஓடிவிட்டான். முந்நூறு மைல் தள்ளி அந்தக் கார் கிடைத்தபோது, பின்னால் தூசியில் பெக்கின் கை அப்படியே இருந்தது. அதிலிருந்து எல்லாருக்கும் பழக்கிவிட்டார்கள். நான் மளிகைக் கடை வாசலில் நடந்தால்கூட நிற்கிற கார் மேல் கை போகிறது. வெல்மா சிரிப்பாள்.

அக்டோபர் 12, வியாழன்

வில்லர்ட் ஸ்ட்ரூப் செத்துப்போனார். எழுத முடியவில்லை.

அக்டோபர் 13, வெள்ளி

எழுதிவிட வேண்டும். எழுதுவது முட்டாள்தனம்தான். எழுதாமல் விட்டால் இன்னும் ஒரு வாரத்தில் எனக்கு வசதியான மாதிரி நானே மாற்றி நினைவு வைத்துக்கொள்வேன்.

நேற்று மாலை ஐந்து இருபது. எல்க் ஓடைப் பாலத்துக்கு இந்தப் பக்கம். எனக்கு முன்னால் மேற்கே போன கறுப்புக் கார் நடுக்கோட்டைத் தாண்டியது, திரும்பி வந்தது, மறுபடி தாண்டியது. எண்ணைப் பார்க்காமலே தெரிந்தது, டாஸ்கருடைய கார். சிவப்பு விளக்கைப் போட்டு நிறுத்தினேன். இறங்குமுன் ரேடியோவில் இடமும் வண்டி எண்ணும் சொல்ல வேண்டும். மைக்கை எடுத்தேன். திரும்ப மாட்டிவிட்டேன்.

சொன்னால் பதிவாகும். பதிவானால் ஏதாவது செய்தாக வேண்டும்.

கண்ணாடியை இறக்கினார். விஸ்கி வாடை குப்பென்று வந்தது.

"ரெண்டு நாளாத் தூக்கமில்ல, லைல். பென்னர் வீட்டுப் பெரியவர் போயிட்டார். என் கையைப் பிடிச்சுக்கிட்டே போனார்."

"தள்ளி உக்காருங்க டாக்டர். நான் கொண்டுபோய் விடறேன்."

"ஆறு மைலு. கண்ணைக் கட்டிவிட்டாலும் வீடு போய்ச் சேருவேன். நீ போ, வெல்மா சாப்பாடு எடுத்துவெச்சிருப்பா. உப்பைக் குறைச்சுக்கச் சொல்லு அவளை."

நான் இன்னொரு தடவை வற்புறுத்தவில்லை. ஐந்தரைக்குப் பணி முடிகிறது. வீட்டில் வேகவைத்த மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் இருந்தன. வேறு ஒரு காரணமும் இல்லை. "மெதுவாப் போங்க" என்றேன். எதிர்ப்பக்கம் வைக்கோல் தொப்பி போட்ட ஒரு ஆள் நடந்துபோய்க்கொண்டிருந்தான். வேறு வண்டி எதுவும் இல்லை.

ஐந்து ஐம்பதுக்கு, வீட்டு வாசலில் நின்ற ரோந்து வண்டியில் ரேடியோ அலறியது. ஸ்ட்ரூப் பண்ணை. பாலத்திலிருந்து மேற்கே நாலு மைல்.

ஸ்ட்ரூப் சாலையோரம் தபால்பெட்டிக் கம்பத்தைச் சரிசெய்துகொண்டிருந்திருக்கிறார். கம்பம் உடைந்து கிடந்தது. அவர் பள்ளத்தில் கிடந்தார், கையில் சுத்தியலை விடவில்லை. இடித்த வண்டி நிற்கவில்லை. முன்விளக்குக் கண்ணாடி மட்டும் சிதறிக் கிடந்தது. நான் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் மனைவி ஹெடா ஒரு போர்வையோடு வந்து நின்றாள். "இப்போ போத்தலாமா, இல்ல நீங்க அளந்து முடிக்கணுமா?" என்று கேட்டாள். அந்தக் குரலில் அழுகைகூட இல்லை. போர்த்தச் சொன்னேன்.

ஷெரீஃப் பர்டிக் வந்து சேர்ந்தார். வந்ததும் பள்ளத்தைப் பார்த்தார். "ஆள் தாருக்கு வெளிய விழுந்திருக்கான். சாலை உன்னுது, செத்தவன் என்னோடவன். சரிதானே?" என்றார். இருபத்தைந்து வருஷமாக ஷெரீஃபுகள் செய்கிற அதே கிண்டல். வேறு நாளாக இருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

இந்த மாவட்டத்தில் சாவைச் சான்று செய்வதும் டாக்டர்தான். டாஸ்கர் தன் மனைவியின் பச்சைக் காரில் வந்தார். வாயில் காபியும் பெப்பர்மின்ட்டும். தன் கார் மருந்துக்கடை வாசலில் நாலரை மணிக்குக் காணாமல் போய்விட்டது, மனைவிதான் வந்து வீட்டுக்குக் கூட்டிப்போனாள் என்று ஷெரீஃபிடம் சொன்னார். என் எதிரிலேயே சொன்னார். பிறகு மண்டியிட்டு ஸ்ட்ரூப்பின் கண்ணை மூடினார். சான்றில் கையெழுத்துப் போடப் பேனா தேடினார். நான் என் பேனாவைக் கொடுத்தேன்.

ஏன் கொடுத்தேன்? ஏன்டா கொடுத்தே?

அக்டோபர் 14, சனி

கார் நேற்றுக் காலையிலேயே கிடைத்துவிட்டதாம், ஆற்றோரம் பாப்ளார் மரங்களுக்கு நடுவே. இடது முன்விளக்கு உடைந்து, சாவி வண்டியிலேயே. இங்கே யார்தான் சாவியை எடுக்கிறார்கள்.

நேற்று மத்தியானமே திருடனையும் பிடித்துவிட்டார்கள். எவுசேபியோ லான்டா, டெக்சஸிலிருந்து பீட்ரூட் ஏற்ற வந்த மெக்ஸிகோ வம்சத்தவன். வியாழன் மாலை அந்தச் சாலையில் அவன் நடந்து போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நெற்றியில் காயம். ஏற்றுகிற எந்திரத்தில் இடித்துக்கொண்டேன் என்கிறானாம். லாரி அவனை விட்டுவிட்டுப் போனதால் முகாமுக்கு நடந்தானாம்.

வைக்கோல் தொப்பி போடுகிறவன்.

பர்டிக்குக்கு ஒரே குஷி. காரின் பின்மூடியில் தூசியில் ஒரு முழுக் கை பதிந்திருக்கிறதாம். படம் எடுத்து, தடமும் எடுத்துத் தலைநகரத்துக்கு அனுப்பியிருக்கிறார். "திருட்டுப்பய, கையெழுத்தே போட்டுட்டுப் போயிருக்கான்" என்றார்.

மைக்கில் பேசாதவன் கையையாவது சும்மா வைத்திருக்கலாம். வைத்த நினைவே எனக்கு இல்லை. ஒன்பது வருஷப் பழக்கம், அதுபாட்டுக்கு வைத்திருக்கிறது.

அக்டோபர் 17, செவ்வாய்

வெல்மாவைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். குழந்தை இன்னும் அப்படியேதான். டாஸ்கர் அவளை எடை பார்க்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பெட்டியைத்தான் இடிச்சேன்னு நெனச்சேன், லைல். வெயில் கண்ணுக்கு நேரா இருந்துது. மறுநாள் வந்து கம்பம் நட்டுக் கொடுத்துடலாம்னு நெனச்சேன். அப்புறம் போன் வந்துது. காரை ஆத்தோரம் மறைச்சுட்டு வந்தேன்."

"அப்போவே சொல்லியிருக்கலாமே. ஒருத்தன் ஜெயில்ல இருக்கான் டாக்டர்."

"தெரியும். அன்னியிலேருந்து ஒரு சொட்டு தொடல." கையை நீட்டிக் காட்டினார். நடுங்கவில்லை. "டிசம்பர் வரைக்கும் அஞ்சு பிரசவம் இருக்கு. ரெண்டு சிக்கலானது. ஒண்ணு உன் வீட்டுது. அதுங்க முடியட்டும், நானே போய் நிக்கறேன். அதுக்கப்புறம் என்னை என்ன வேணா பண்ணட்டும்."

வெல்மா உள்ளே வந்தாள். ஒரு பவுண்டு கூடியிருக்கிறதாம். மூன்று பேரும் சிரித்தோம்.

அக்டோபர் 19, வியாழன்

ஸ்ட்ரூப் அடக்கம். வண்டிகளை ஒழுங்குபடுத்தினேன். டாஸ்கர் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஹெடா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

அக்டோபர் 21, சனி

வெல்மாவிடம் சொல்லிவிட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள். 

"இதை ஏன் எங்கிட்ட சொன்னே?" என்றாள். "நீயே வெச்சுக்கிட்டு இருந்திருக்கலாமே. இப்போ நானும் இதைச் சுமக்கணும். வயித்துல இருக்கறது போதாதா?"

"என்ன பண்றதுன்னு தெரியல."

"பொய் சொல்லாதே. உனக்குத் தெரியும். நான் 'வேண்டாம்'னு சொல்லணும்னு வந்து நிக்கறே." கையைத் துடைத்துக்கொண்டே அழுதாள். "சரி, சொல்றேன். இப்போ வேண்டாம். குழந்தை பொறந்தப்புறம் சொல்லு. அந்த மனுஷன் இல்லேன்னா ரூத்தி இல்ல, நானும் இல்ல. நான் கெட்டவளாவே இருந்துட்டுப் போறேன். எனக்குப் பயமா இருக்கு, லைல்."

அவள் சொன்னது அத்தனையும் சரி. நான் அதற்காகத்தான் போய் நின்றேன்.

அக்டோபர் 24, செவ்வாய்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது.

பர்டிக் எரிபொருள் நிலையத்தில் என் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். சிரித்துக்கொண்டே வந்தார்.

"உன் மெக்ஸிகோக்காரன் நல்லாக் கதை விடறான்."

"என் மெக்ஸிகோக்காரனா?"

"உங்க படையைத்தானே சாட்சிக்கு இழுக்கறான். அன்னிக்குச் சாயங்காலம் பாலத்துக்கிட்ட ஒரு ரோந்துக்காரன் அந்தக் கறுப்புக் காரை நிறுத்தினானாம். வெள்ளைக்காரக் கிழவன் ஓட்டிட்டு வந்தானாம். ரோந்துக்காரன் பின்னாடி ஒரு தட்டுத் தட்டிட்டுப் போய்ப் பேசினானாம். உங்க ரேடியோப் பதிவைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன், அப்படி ஒண்ணும் இல்ல. இருந்தாலும் கேக்கறேன். நீ நிறுத்தினியா?"

"இல்ல" என்றேன்.

அவ்வளவுதான். யோசிக்கக்கூட இல்லை. பர்டிக் என் தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

இதுவரைக்கும் நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். சொல்லாமல் இருப்பதும் பொய் சொல்வதும் வேறுவேறு என்று எனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். இனி அதுவும் இல்லை.

அக்டோபர் 27, வெள்ளி

ரேமர் கதவைச் சாத்திவிட்டு மேசையில் ஒரு படத்தை வைத்தார். பின்மூடியில் இருந்த கை. ஷெரீஃப் அலுவலகத்திலிருந்து மரியாதைக்கு ஒரு பிரதி அனுப்பியிருக்கிறார்கள்.

"திருடன் எதுக்குப் பின்னாடி கை வைக்கறான்?" என்றார். "கதவுல வைப்பான், ஸ்டியரிங்ல வைப்பான். இது நடந்து வர்றவன் போற போக்குல அழுத்தின கை. இடது மூலை. நீ இடதுகை ஆளு."

வாயைத் திறந்தேன்.

"சொல்லாதே. கேக்கலை நான். நான் பாட்டுக்குப் பேசறேன், கேட்டுக்கோ. ஜனவரி பதினாறு வாக்கெடுப்பு. நாலு ஓட்டு வித்தியாசத்துல நிக்குது. ரோந்துக்காரன் குடிகாரனை விட்டுட்டான், ஒருத்தன் செத்தான்னு பேப்பர்ல வந்தா மசோதா போச்சு. வேலிக்குள்ளயே கிடந்து சாக வேண்டியதுதான் நாம. நான் மாட்டுக்கொட்டகையில படுத்தது இதுக்காப்பா?"

"அந்த லான்டா?"

"அடுத்த மாசம் பதினாலாம் தேதி முதல் விசாரணை. சாட்சி வலுவா இல்ல. ஜனவரிக்குள்ள நிச்சயம் வெளிய வந்துடுவான். கொஞ்சம் பொறு."

டாஸ்கர் டிசம்பர் வரைக்கும் பொறுக்கச் சொன்னார். வெல்மா குழந்தை வரைக்கும். ரேமர் ஜனவரி வரைக்கும். எல்லாருக்கும் நியாயமான காரணம் இருக்கிறது. உள்ளே இருக்கிறவனிடம் மட்டும் யாரும் எவ்வளவு நாள் பொறுப்பாய் என்று கேட்கவில்லை.

அக்டோபர் 30, திங்கள்

விபத்து வரைபடத்தில் ஷெரீஃபின் கையெழுத்து வாங்க மாவட்டச் சிறைக்குப் போக வேண்டியிருந்தது. வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். போனேன்.

லான்டா கட்டிலில் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது இருக்கும், குட்டையான ஆள், நெற்றியில் காயம் காய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தான். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதுதான் என்னைக் கொன்றது. நான் அவனுக்காக வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டான்.

"நீங்கதான்" என்றான். "பாலம். நீங்கதான் அங்க இருந்தீங்க."

ஷெரீஃபின் உதவியாள் சாவிக்கொத்தோடு பக்கத்தில் நின்றான். "ஆரம்பிச்சுட்டான்" என்று சலித்துக்கொண்டான்.

நான் கீழே பார்த்தேன்.  பிறகு, என் வாயிலிருந்து ஒன்றும் வராது என்று புரிந்திருக்க வேண்டும், இடது உள்ளங்கையை விரித்துச் சுவரில் அழுத்தி வைத்தான். நான் வைக்கிற மாதிரியே. சற்று நேரம் வைத்திருந்து எடுத்தான். போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

நவம்பர் 2, வியாழன்

 இன்று பதினோரு வண்டி நிறுத்தினேன். ஒன்றிலும் கை வைக்க முடியவில்லை.

நவம்பர் 6, திங்கள்

தலைநகரத்திலிருந்து முடிவு வந்துவிட்டது. தடம் கலைந்திருக்கிறது, யாருடையது என்றும் சொல்ல முடியாது, யாருடையது இல்லை என்றும் சொல்ல முடியாது.

ரேமர் எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்தார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. "முடிஞ்சுது" என்றார்.

நான் தப்பித்துவிட்டேன். எழுதிப் பார்த்தால் புரியுமா என்று எழுதுகிறேன்: நான் தப்பித்துவிட்டேன். இத்தனை நாளும் உள்ளுக்குள் என்ன நினைத்திருந்தேன் என்று இப்போதுதான் தெரிகிறது. அந்தக் கை எனக்குப் பதிலாகப் பேசிவிடும், நான் வாயைத் திறக்க வேண்டியிருக்காது என்று காத்திருந்திருக்கிறேன். பாலத்தருகே நேரில் இருந்தது மூன்று பேர்தான். ஒருவர் சொல்லமாட்டார். ஒருவனை யாரும் நம்பமாட்டார்கள்.

நவம்பர் 8, புதன்

நாளைக்கு உண்மையைச் சொல்லிவிடப்போகிறேன் என்று வெல்மாவிடம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்து ரூத்தியின் துணிகளை மடித்து வைத்தாள்.

"அக்கா வீட்டுக்குப் போறேன். அங்க பெரிய ஆஸ்பத்திரி இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீ செய்யறது சரிதான். அதுக்காக உன்னை இப்போ பார்த்துக்கிட்டு இருக்க என்னால முடியாது" என்றாள்.

எழுபது மைல். மத்தியானம் நானே ஓட்டிக்கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் ரூத்திதான் பேசினாள்.

நவம்பர் 9, வியாழன்

காலையில் அலுவலகத்தில் ஒரு நிறுத்தச் சீட்டு எடுத்தேன். வண்டியை நிறுத்தினால் எழுதுகிற அதே சாதாரணச் சீட்டு, வெள்ளை ஒன்று, மஞ்சள் கார்பன் பிரதி ஒன்று. நிரப்பினேன். தேதி: அக்டோபர் 12. நேரம்: மாலை 5.20. இடம்: எல்க் ஓடைப் பாலம், மேற்கு நோக்கி. ஓட்டுநர்: ஓரின் டாஸ்கர். காரணம்: வண்டி தடுமாறியது, மது வாடை. எடுத்த நடவடிக்கை: ஒன்றுமில்லை. அதற்குக் கீழே, எழுதிய தேதி நவம்பர் 9 என்று போட்டுக் கையெழுத்திட்டேன். சில வரிக்குள் அடங்கிவிட்டது.

ரேமர் வெள்ளைச் சீட்டை இரண்டு தடவை படித்தார்.

"இதை நான் பார்க்கலைன்னு வெச்சுக்கலாம்" என்றார்.

"மஞ்சளை ஷெரீஃப்கிட்ட குடுத்துட்டுத்தான் வந்தேன், சார்ஜென்ட்."

நாற்காலியில் சாய்ந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். ஒரே நாளில் வயதானவராகத் தெரிந்தார். "பர்டிக் சிரிச்சானா?" என்று கேட்டார்.

"இல்ல. உக்காந்துட்டார்."

பேட்ஜ், துப்பாக்கி, வண்டிச் சாவி மூன்றையும் மேசையில் வைத்தேன். வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

நவம்பர் 10, வெள்ளி

இருபத்தெட்டு நாள் கழித்து லான்டாவை விட்டார்கள். பீட்ரூட் வேலை முடிந்து அவனுடைய ஆட்கள் எல்லாரும் டெக்சஸ் போய்விட்டார்கள். பேருந்து நிறுத்தத்தில் காகிதப் பையோடு உட்கார்ந்திருந்தான். என் சொந்த வண்டியை நிறுத்தி, ரயிலடி வரைக்கும் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன்.

"உங்க வண்டியில வேண்டாம்" என்றான்.

மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினான். சரி என்றா, வேண்டாம் என்றா, தெரியவில்லை. பேருந்து வரும்வரை தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்தேன்.

நவம்பர் 14, செவ்வாய்

டாஸ்கர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். வக்கீல் வேண்டாம் என்றாராம். வெளியே வரும்போது என்னைப் பார்த்து நின்றார். "வெல்மா எங்க இருக்கா?" என்று கேட்டார். சொன்னேன். "நல்லது. அங்க நல்ல ஆளுங்க இருக்காங்க. குழந்தை திரும்பலேன்னு முதல்லயே சொல்லிடச் சொல்லு" என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

ஹெடா ஸ்ட்ரூப் என் பக்கமே திரும்பவில்லை. டாஸ்கரை அவளால் என்றைக்காவது மன்னிக்க முடியலாம். என்னை எதற்கு மன்னிப்பாள்? நான் குடித்திருக்கவில்லையே.

நவம்பர் 29, புதன்

பணிநீக்க உத்தரவு வந்தது. மளிகைக் கடையில் எனக்குச் சாமான் போடுகிறார்கள், பேசுவதில்லை.

டிசம்பர் 5, செவ்வாய்

ஆண் குழந்தை. அறுவை செய்துதான் எடுத்தார்கள். இருவரும் நலம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். வெல்மா பத்து நிமிஷம் உள்ளே வரச் சொன்னாள்.

1962 ஜனவரி 11, வியாழன்

பென்னர் வீட்டு மருமகளுக்குக் குழந்தை செத்துப் பிறந்ததாம். வெளியூர் டாக்டர் வர மூன்று மணி நேரம் ஆகியிருக்கிறது. முடிவெட்டப் போன இடத்தில் பேசிக்கொண்டார்கள். யாரும் என்னிடம் சொல்லவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், கழுத்தில் துணி கட்டியிருந்தது, எழுந்து போகவும் முடியவில்லை.

ஜனவரி 16, செவ்வாய்

மசோதா தோற்றது. பதினொரு ஓட்டில்.

பதினொன்று என்றால் நான் இல்லாவிட்டாலும் தோற்றிருக்குமா? ரேமரிடம் கேட்க தைரியமில்லை.

மார்ச் 3, சனி

வீட்டைக் காலி செய்தேன். வெல்மாவின் அக்கா ஊரில் தானிய லாரி ஓட்ட வேலை. வெல்மாதான் விசாரித்து வைத்திருந்தாள். "வந்து சேரு. அக்கா வீட்டுல எவ்வளவு நாள்தான் இருக்கறது" என்று இரண்டே வரியில் கடிதம்.

ஜூன் 20, புதன்

வெள்ளிவிழா மலர் தபாலில் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை, உறையில் ரேமரின் கையெழுத்து. எங்கள் பிரிவின் வரலாறு நான் எழுதியதுதான், வார்த்தை மாறாமல். மாட்டுக்கொட்டகை இருக்கிறது, வேலி இருக்கிறது, சொந்த மாவட்ட வழக்கம் இருக்கிறது. என் பெயர் இல்லை. எதிர்பார்த்ததுதான். கை வைக்கும் வழக்கத்தைப் பற்றிய பத்தியையும் எடுத்துவிட்டார்கள்.

1963 அக்டோபர் 10, வியாழன்

கோதுமை இறக்கிவிட்டுக் காலி லாரியோடு வந்துகொண்டிருந்தேன். சாயங்காலம், எதிர்வெயில். பின்னால் சிவப்பு விளக்கு சுழன்றது. ஓரங்கட்டினேன்.

கண்ணாடியில் பார்த்தேன். ஆள் உடனே இறங்கவில்லை. தலையைக் குனிந்து ஏதோ பேசினான், மைக்கை மாட்டினான், அப்புறம் தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கினான். சின்ன வயசு. பூட்ஸ் சத்தம் நெருங்கி வந்தது. லாரியின் பின்பலகையில் தட்டென்று ஒரு சத்தம். 

"பின்விளக்கு ஒண்ணு எரியல, சார். உரிமத்தைக் காட்டுங்க."

கொடுத்தேன். பெயரைப் பார்த்தான். கொஞ்சம் நின்றான். மறுபடி என் முகத்தைப் பார்த்தான். பயிற்சியில் என் கதையைச் சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

"ரேடியோல சொல்லிட்டியா?" என்று கேட்டுவிட்டேன்.

"சொல்லிட்டேன், சார்."

"அப்போ சீட்டை எழுது."

எழுதினான். முழுசாக எழுதினான். மஞ்சளைக் கிழித்து என்னிடம் நீட்டினான்.

வீட்டு வாசலில் நிறுத்தினேன். வெல்மா தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்தாள்; மாலையில் லாரியைக் கழுவிவிடுவாள், தூசி வீட்டுக்குள் வருகிறது என்று. முன்பக்கம் கழுவினாள், பக்கவாட்டுகளைக் கழுவினாள். பின்னால் போனவள் அங்கேயே நின்றாள். நான் படியில் உட்கார்ந்து மஞ்சள் சீட்டை மடித்துக்கொண்டிருந்தேன். அவள் குழாயை மூடினாள், சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பின்பக்கம் நாளைக்குக் கழுவிக்கலாம்" என்றாள்.